தண்டவாளத்தில் வைத்த தட்டு

1

இந்த வருட ஆயுத பூஜைக்கு இங்கிலாந்தில் ஒரு தீயணைப்பு வண்டியை வரவழைத்த பெருமை எனக்கு உண்டு. கற்பூரம் கூட ஏற்றவில்லை, ஏற்றாமலே வந்தது. ராயபுரத்தில் நேரில் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றுதான் எழுதி வைக்கிறேன். எழுத வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

என் பெயர் சேகர். துறைமுகத்து ரயில் யார்டில் பதினாறு வருடம் பாயிண்ட்ஸ்மேன். அதாவது, வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் திருப்பி விடுகிறவன். பிறகு ஷண்டிங் மாஸ்டர் ஆனேன். இன்ஜின் டிரைவருக்குக் கையசைத்துக் காட்டி, வேகன்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் வைக்கிற வேலை. அந்தப் பதவியில் சரியாக நான்கு மாதம்தான் இருந்தேன்.

மனைவி செல்வி நர்ஸ். அப்போது இங்கே நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டார்பி என்ற ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டு வயது அனிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஒரு வருடம் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்றுதான் பேச்சு. ஐந்து வருடம் ஆகிவிட்டது. பிடித்திருக்கிறதா என்று இன்றுவரை யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

நான் இங்கே மருத்துவமனையில் சலவைத் துணி வண்டி தள்ளுகிறேன். சக்கரம் வைத்த உயரமான இரும்புக் கூண்டுகள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான்கு கூண்டுகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் ஓடி வந்து மறித்தார். ஒரு தடவைக்கு ஒரு கூண்டுதான், அதுதான் விதி என்றார். வேகன் சேர்த்தே பிழைத்தவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளுகிறேன், கை அரிக்கிறது.

பூஜைக்குப் பத்து நாள் முன்பு சென்னையிலிருந்து அலுவலகக் கடிதம் வந்தது. விடுப்பை இனி நீட்டிக்க வழியில்லை, மாதக் கடைசிக்குள் பணியில் சேரவும், இல்லையேல் ராஜினாமாக் கடிதம் அனுப்பவும். செல்வி அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு படிவம் ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் படிவம். அதில் என் தொழில் என்ன என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மற்ற எல்லாக் கட்டத்தையும் செல்வி நிரப்பிவிட்டிருந்தாள்.

பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் அந்த நாட்களில் டீயைக் கூடப் பால் இல்லாமல் குடித்தேன்.

2

சனிக்கிழமை மத்தியானங்களில் நான் ஒரு கிளப்புக்குப் போவேன். சர்ச் ஹாலின் மேல்மாடியில் பெரிய பலகை போட்டு, அதன் மேல் சின்ன ரயில் ஓட்டுகிற கிளப். விளையாட்டுச் சாமான் என்று சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவன்தான். உள்ளங்கை நீள இன்ஜின், விரலகலத் தண்டவாளம், ஆனால் பாயிண்ட் பாயிண்ட்தான், சைடிங் சைடிங்தான். என்னை அங்கே ரயில்காரன் என்று சொன்னார்கள். ஐந்து வருடத்தில் அப்படிச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

கிளப்பின் செயலாளர் மார்கரெட். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், கையில் எப்போதும் சால்டரிங் கம்பி. போன வருடம் அவர் கிளப்பையே டிஜிட்டலுக்கு மாற்றினார். யாராவது நம் ஊரில் தொடங்கினால் உதவும், அதனால் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

பழைய முறையில் நீங்கள் ஓட்டுவது இன்ஜினை அல்ல, தண்டவாளத்தை. குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் ஏறும், அதன் மேல் எது நின்றாலும் ஓடும். இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் ஓடும். குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் தண்டவாளம் செத்துப் போயிருக்கும். டிஜிட்டலில் தண்டவாளம் எந்நேரமும் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் கடுகளவு மூளை ஒன்று, அதற்கு ஒரு எண். கையிலிருக்கும் கருவியில் அந்த எண்ணைத் தட்டி, போ என்றால் அது மட்டும் போகும். பக்கத்தில் நிற்பது, மின்சாரத்தின் மேலேயே நின்றாலும், கூப்பிடும் வரை அசையாது.

கடையிலிருந்து வரும் புது மூளை எல்லாவற்றுக்கும் எண் மூன்றுதான். அதனால் முதல் காரியம் எண்ணை மாற்றுவது. அதைத் தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். நான் அவசரக்காரன், ஓடுகிற பலகையிலேயே வைத்து மாற்றினேன். என் இன்ஜினுக்கு ஐம்பத்தேழு என்று போட்டேன். யார்டில் என் டோக்கன் எண் அது. அன்று பலகையில் நின்ற ஏழு இன்ஜின்களும் அந்தக் கட்டளையைக் கேட்டுக்கொண்டு ஐம்பத்தேழு ஆகிவிட்டன. போ என்றதும் ஏழு பேரும் ஏழு பக்கம் கிளம்பினார்கள். மார்கரெட் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப எண் போட்டு முடிக்க அவருக்கு மாலை முழுதும் ஆயிற்று. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

அனிதாவும் கூட வருவாள். வயது பதின்மூன்று. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டே. கிளப்பில் மட்டும் என் பக்கத்தில் நிற்பாள். கருவி அவளுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது.

"அப்பா, நீங்க இன்னும் டிராக்கைத்தான் ஓட்டுறீங்க. இன்ஜினை ஓட்டுங்க."

தமிழிலேயே சொன்னாள், அந்தச் சந்தோஷத்தில் சொன்ன விஷயத்தை நான் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் மார்கரெட் சொன்னார். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் போட வேண்டும். போட்டபின் மூலைக்கு மூலை ஒரு காசை எடுத்து இரண்டு தண்டவாளத்தின் மேலும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் கொடுக்கிற பெட்டி தானாக அணைந்தால் ஒயர் சரி. அணையாவிட்டால் ஒயர் மெலிசு, என்றாவது ஒருநாள் எரியும். நான் என் கையாலேயே போட்ட சைடிங் ஒன்று, வண்டி ஒதுங்கி நிற்கிற கிளைத் தடம், கோடியில் இருந்தது. இருந்த ஒயரைப் போட்டு முடித்திருந்தேன். நம்ம வேலைதானே என்று அங்கே காசு வைத்துப் பார்க்கவில்லை.

3

கடிதம் வந்த மறுநாள் தேசிங்குக்குப் போன் செய்தேன். தேசிங்கும் நானும் ஒரே நாளில் யார்டில் சேர்ந்தவர்கள். நான் புறப்பட்ட அன்று என் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவன் அவன்தான். அது முதல் என் இடத்தில் அவன்தான் நிற்கிறான்.

"இன்னா மாமு, குளுருல மூஞ்சி கீஞ்சி வெளுத்துகிச்சா?"

"லெட்டர் வந்துகீது தேசிங்கு."

"தெரியும். ஆபீஸ்ல சொன்னாங்க. நீ இன்னாத்துக்கு ரோசன பண்ணிகினு கீற? டிக்கெட் போடு, வா. உன் எடம் அப்டியே கீது. நான் பார்த்துகினுதான கீறேன்."

"இங்க செல்வி, அனிதா..."

"அத்த அப்பால பாத்துக்கலாம். வர்ற பூஜைக்கு இல்லன்னாலும் அடுத்த பூஜைக்கு நீதான் எலுமிச்சம்பழம் வைக்கணும். சொல்ட்டேன்."

எங்கள் யார்டு பூஜை அப்படி. காலையிலேயே இன்ஜினைக் கழுவி நிறுத்திவிடுவோம். நிலக்கரித் தூசியும் இரும்புத் தாதின் சிவப்புத் தூசியும் போனபின் அதற்கு இப்படி ஒரு நிறம் உண்டா என்று தோன்றும். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். காசிமேட்டிலிருந்து மீன் வாசனை ஒரு பக்கம், சாம்பிராணி ஒரு பக்கம். தாம்பாளத்தை இன்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேலேயே வைத்துவிடுவோம். நின்ற இன்ஜின், ஆளில்லாத தடம், பயமில்லை. கற்பூரம் காட்டித் தட்டை எடுத்ததும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஷண்டிங் மாஸ்டர் கையசைப்பார், இன்ஜின் நசுக்கிக்கொண்டு ஒரு அடி நகரும். நான் கையசைத்த பூஜை ஒன்றே ஒன்று.

போனை வைத்தபின் வீட்டுக்குள் அறை அறையாக நடந்தேன். செல்வி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு எடத்துல குந்தேன். உன்னைப் பாத்தா எனக்குத் தல சுத்துது," என்றாள்.

"நான் போவட்டா செல்வி?"

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "போறதுன்னா போ. இருக்கறதுன்னா இரு. அஞ்சு வருசமா இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம கீறியே, அது மட்டும் வாணாம்."

கோபம் வந்தது. உண்மை என்பதால் அதிகமாக வந்தது.

4

பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை கிளப்பில் பூஜை வைக்கட்டுமா என்று மார்கரெட்டிடம் கேட்டேன். அவருக்கு ஏகக் குஷி. ஹாலுக்குள் நெருப்பு மட்டும் கூடாது, அலாரம் இருக்கிறது என்றார். சரி, கற்பூரத்தைத் தட்டில் வைப்போம், ஏற்ற வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். பலகையில் வேறு மூன்று வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கோடி சைடிங்கில் என் ஐம்பத்தேழாம் நம்பர் இன்ஜின், நெற்றியில் குங்குமத்தோடு நின்றது. எலுமிச்சம்பழம் இன்ஜினை விடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பதில் அனிதா நான்கு திராட்சைகளைக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு முன் தயாராக வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பின் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

பிறகு வழக்கப்படி, செல்வி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னப் பித்தளைத் தட்டை இன்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் வைத்தேன். தட்டின் விளிம்பு முன்சக்கரத்தில் இடித்தது.

நின்ற இன்ஜின், ஆளில்லாத தடம். என் புத்தியில் அதுதான் இருந்தது. நின்றால் தண்டவாளம் செத்தது என்றுதான் பதினாறு வருடக் கை சொல்லிற்று. இங்கே தண்டவாளம் சாகவே இல்லை என்பது கைக்குத் தெரியாது.

காசு வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நான் பித்தளைத் தாம்பாளத்தையே வைத்துவிட்டேன். ஒயர் மெலிசு, அதனால் பெட்டி அணையவில்லை. ர்ர்ர் என்று ஒரு முனகல். சுற்றிக்கொண்டிருந்த மூன்று வண்டிகளும் ஒவ்வொன்றாகத் தள்ளாடி நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் கருவியை மாற்றி மாற்றித் தட்டினார்கள். ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அனிதாதான் கத்தினாள். கண்ணைத் திறந்தால் என் இன்ஜினிலிருந்து புகை, பலகைக்கு அடியிலிருந்தும் புகை. மார்கரெட் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். அதற்குள் அலாரம் அடித்துவிட்டது. எல்லோரும் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினோம்.

தூறல். தீயணைப்பு வண்டி வந்தது, இரண்டு பேர் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஒருவர் கையில் என் தட்டு இருந்தது. இது என்ன என்று கேட்டார். சாமி தட்டு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று எனக்கு வரவில்லை. அனிதா சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

மார்கரெட் அப்போதும் திட்டவில்லை. ஓடுகிற வண்டியில் கோளாறு வந்தால் கண்டுபிடித்துவிடலாம், எங்கோ மூலையில் ஒரு பொருள் சும்மா கிடந்தால்தான் கண்டுபிடிக்க முடியாது, மொத்தப் பலகையும் நின்றுவிடும், என்றார். எனக்குப் பாடம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நனைந்துகொண்டே ஒயரைப் பற்றிப் பேசினார்.

வீட்டுக்கு நடக்கும்போது அனிதா கேட்டாள். "அப்பா, நாம திரும்பிப் போறோமா?"

"யாரு சொன்னா?"

"ஃப்ரிட்ஜ்ல படிச்சேன். போறதுன்னா முன்னாடியே சொல்லுங்க. நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லணும்."

ஐந்து வருடமாக இவளும் ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. தூறல் இருந்ததால் தப்பித்தேன்.

5

மறுநாள் காலை பத்து மணிக்கு, அங்கே பிற்பகலில், தேசிங்கு வீட்டுக்குப் போன் செய்தேன். தீயணைப்பு வண்டிக் கதையைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஆசை. அவன் மனைவி கலா எடுத்தாள்.

"அவுரு டூட்டிக்குப் பூட்டாருண்ணா."

"ஞாயித்துக்கெழமையுமா? ஷண்டிங் மாஸ்டருக்கு என்னம்மா ஞாயித்துக்கெழம டூட்டி?"

"ஆக்டிங்தான்ணா. ஆக்டிங்குக்கு எந்தக் கெழமன்னு கீதா?"

"இன்னுமா ஆக்டிங்கு?"

பின்னால் அவர்கள் வீட்டுக் குழாயடிச் சத்தம் கேட்டது.

"உங்க பேருலதான அந்தப் போஸ்ட்டு கீது. நீங்க விட்டாத்தான இவுருக்குப் பர்மனென்ட்டு. குவாட்டர்ஸுக்கு ரெண்டு தபா எழுதிப் போட்டாரு, ஆக்டிங்குக்கு இல்லன்னுட்டாங்க. மழ வந்தா வூட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி, புள்ளைங்கள வாராவதி மேல இட்டுகினு போய் நிக்கிறோம்." பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ஐயோ, நான் ஒரு லூசு. அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னேபுடுவாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்கண்ணா. என் தோஸ்து எடத்த நான் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிகினு கீறாரு."

போனை வைத்துவிட்டு நின்றேன். ஃப்ரிட்ஜுக்கு மேல் அந்தப் பித்தளைத் தட்டு இருந்தது, விளிம்பில் ஒரு இடம் கருத்திருந்தது. மூலையில் சும்மா கிடந்த பொருள் எது என்று எனக்கு விளங்கிவிட்டது. என் ஊர், என் யார்டு, என் இடம் என்று ஐந்து வருடமாகப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அது நான் அங்கே குறுக்கே கிடந்ததுதான். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் மழைக்கு மழை பாலத்தின் மேல் நின்றிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவன் மேல் கோபமாகவும் இருந்தது.

ராஜினாமாக் கடிதம் ஐந்தே வரி. நான்கு தடவை எழுதினேன். செல்வி படித்தாள். என் தலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அந்தப் படிவத்தில் காலியாக இருந்த கட்டத்தில் மருத்துவமனைப் பணியாளர் என்று நானே எழுதினேன். பேனா நன்றாகத்தான் எழுதிற்று.

6

அடுத்த சனிக்கிழமை தடித்த ஒயர் வாங்கிக்கொண்டு போய், கோடி சைடிங்கை முதலிலிருந்து போட்டேன். மூன்று இடத்தில் காசு வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் பெட்டி டக்கென்று அணைந்தது. எரிந்துபோன இன்ஜினுக்கு மார்கரெட் புது மூளை பொருத்திக் கொடுத்தார். அனிதா அதைத் தனித் தண்டவாளத்தில் வைத்து, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"மறுபடி ஐம்பத்தேழா?"

"வேணாம். மூணே இருக்கட்டும்."

"மூணு புதுசா வர்றவங்களோடதுப்பா."

"நானும் புதுசுதான். கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். கருவியை என் கையில் கொடுத்தாள். மூன்றைத் தட்டினேன், அது நகர்ந்தது.

7

கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு மத்தியானம் கூண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று தேசிங்கின் செல்போனுக்குக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக்குப் பேச வாங்கிய போன் கார்டில் சில நிமிடங்கள்தான் மிச்சம் இருந்தன. அவன் யார்டில் இருந்தான். எடுத்ததும் திட்டு.

"யார்ரா கேட்டா உன்னை? ஆபீஸ்ல கூப்ட்டு, உன் தோஸ்து எழுதிக் குடுத்துட்டான்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஓடல. கலா எதுனா சொன்னாளா?"

"கலா இன்னா சொல்லப்போவுது? நானேதான் எழுதினேன். இங்கியே இருந்துக்கறேன்டா."

"பொய் சொல்லாத. உனக்குப் பொய் வராது." மூச்சு வாங்கினான். "அஞ்சு வருசமா உன் எடத்த ஒருத்தன் தொட வுடாம பாத்துகினு கீறேன். நான் உன்னாண்ட பர்மனென்ட்டு கேட்டனா? குவாட்டர்ஸு கேட்டனா?"

"கேட்டிருக்கணும்டா. கேக்காதது உன் தப்பு."

அப்புறம் வந்த குரல் திட்டுகிற குரல் இல்லை.

"சரி மாமு. எழுதிட்ட. இனிமே நீ ஊருக்கு வந்தா எங்க வந்து நிப்ப?"

அவனுக்குப் பின்னால் இன்ஜின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. ஷண்டிங் மாஸ்டருக்காகக் காத்திருக்கிற ஹாரன் அது.

"வண்டி நிக்குது தேசிங்கு. போ."

"போறேன்," என்றான்.

ஆனால் போனை அணைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது, துணி உரசுகிற சத்தம் கேட்டது. ஜல்லிக்கல்லின் மேல் அவன் செருப்பு நறநறவென்று போயிற்று. என் விசில் ஊதிற்று. "வரட்டும், வரட்டும்..." என்று இழுத்தான். அவன் வலது கை எந்த உயரத்தில் அசைகிறது என்று எனக்குத் தெரிந்தது. சலவைக்கூட நடையில் ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள், என் கையும் தூக்கியிருந்தது.

"வரட்டும்... வரட்டும்... ஆ, போதும்!"

இரும்பும் இரும்பும் மோதிக் கொக்கி விழுகிற சத்தம் வந்தது. கார்டு தீரும் வரை நான் அங்கேயே நின்றேன்.